கன்னி மூலையின் ஐந்தாம் கல்

கிரேன் பெல்ட்டில் தொங்கிய கல் நெஞ்சு உயரத்தில் வந்து நின்றது. டேப்பம்மா குனிந்து, கழுத்தை ஒடித்துக்கொண்டு, அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். தொங்கும் கல்லுக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள் என்று எல்லாரிடமும் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவளேதான். ஆனாலும் ஒவ்வொரு கல்லும் மேலே போவதற்கு முன் அதன் முகத்தை ஒரு தடவை தன் கண்ணால் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

பூ இருந்தது, கொடி இருந்தது. நடுவில் குறுக்கே ஒரு மயிரிழை விரிசல் ஓடியது. அது தெரிந்த விரிசல்தான், தான் வரைந்த கூரைப் படத்திலேயே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். ஆனால் கல்லின் நீள விளிம்பை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பூவும் இல்லை, கொடியும் இல்லை. உளி மெருகு படாத வெறும் கல். அதில் பழைய சுண்ணாம்பு திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த கல்லுக்குத்தான் அப்படி ஒரு பட்டை இருக்கும். சுவருக்குள் மறையப்போகிற இடத்தில் எந்தச் சிற்பி மெனக்கெட்டுப் பூ செதுக்குவான்? ஆனால் இது சுவரோரக் கல் இல்லையே. இது ஐந்தாம் கல். மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, இரண்டு உத்தரங்களுக்கு நடுவே அந்தரத்தில் படுக்க வேண்டிய கல். அவள் வரைந்த படம் அப்படித்தான் சொன்னது.

"என்னம்மா, தூக்கலாமா?" என்றார் கிரேன் டிரைவர். "ரெண்டு மணிக்கு நான் வேற இடத்துக்குப் போகணும், ஞாபகம் இருக்கட்டும்."

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே. படத்தைப் பாத்துட்டு வந்துடறேன்."

டிரைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படம் முழுவதையும் மண்டைக்குள் வைத்திருக்கிறவள் அவள். இரண்டரை வருடத்தில் எந்தக் கல்லுக்கும் அவள் போய்ப் படத்தைப் பார்த்ததில்லை.

டேப்பம்மாவுக்கு வயது நாற்பத்தெட்டு. அந்தப் பெயர் வேலையிடத்தில் வைத்தது. ஐந்து மீட்டர் டேப் ஒன்று எப்போதும் இடுப்பில் தொங்கும், வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதும் அவிழ்க்க மறந்துவிடுவாள். பாலிடெக்னிக்கில் அவள் கேட்ட படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, கிடைத்தது கட்டடப் படம் வரையும் படிப்பு. அதை முடித்து, ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்த இன்ஜினியர் ஆபீஸில் பதினெட்டு வருடம் வீட்டுப் படம் வரைந்தாள். படுக்கையறை, சமையலறை, மாடிப்படிக்கு அடியில் ஒரு கழிப்பறை. அவள் போட்ட கழிப்பறைகளில் இன்று ஒரு சின்ன ஊரே உட்கார்ந்து எழுந்திருக்கிறது. அந்தப் பெருமையை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு அணையை உயர்த்தும் வேலை வந்தது. ஆற்றங்கரைக் கோயில் தண்ணீருக்குள் போகும் என்றார்கள். கல் கல்லாகப் பிரித்து மேட்டில் கொண்டுபோய் மறுபடி கட்ட முடிவானது. அதற்குப் படம் வரைய ஆள் தேவைப்பட்டது, அவள் எழுதிப் போட்டாள், கிடைத்துவிட்டது. முதல் நாள் கருவறையின் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, இத்தனை நாள் எங்கே வாழ்ந்து தொலைத்தோம் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

கோயில் ஒரே கையால் கட்டியது இல்லை. எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கருவறை மட்டும். அதற்கு ஐந்து தலைமுறை தள்ளி வந்தவர்கள் முன்னால் ஒரு மண்டபம் சேர்த்தார்கள், கொஞ்சம் கறுத்த கல்லில். இன்னும் பின்னால் வந்தவர்கள் சுற்றிலும் மதில் எடுத்து, கோபுரத்துக்கு அடித்தளம் போட்டு, ஏனோ அத்தோடு கையைக் கழுவிவிட்டார்கள். கோபுரம் மொட்டையாகவே நின்றது. நாம் முதலில் ஒரு அறை, பிள்ளைக்குக் கல்யாணமானால் மாடி என்று கட்டுவதில்லையா, சாமிக்கும் அதே கதைதான். இதை எல்லாம் கல்வெட்டு படிக்காமல், கல்லின் நிறத்தையும் அளவையும் வைத்தே சொல்லிவிடுவாள் டேப்பம்மா. மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் கல். ஒவ்வொன்றும் அவள் படத்தில் இருந்தது.

அவளிடம் ஒரு குணம். தப்பு என்ற சொல்லை அவள் தன்னைப் பற்றிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. வீட்டில் அலமாரி செய்ய அவளே அளவெடுத்துக் கொடுத்தாள். வந்த அலமாரி இரண்டு விரல் பெரியதாக இருந்து, மூலைக்குள் போக மாட்டேன் என்றது. கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாதுவான மனிதர், "அளவு கொஞ்சம்..." என்று இழுத்தார். "சுவர்தான் கோணல்" என்று முடித்துவிட்டாள். அலமாரி இன்றைக்கும் கூடத்தில், வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இன்று காலையில்கூடச் சுவரைத்தான் திட்டினாள். ஒன்றாம் கல்லை மேற்குச் சுவர்மேல் வைத்தபோது கொடி வேலைப்பாடு ஒரு சாண் சுவருக்குள் போய்விட்டது. சுவரை உள்பக்கம் தள்ளிக் கட்டிவிட்டாய் என்று கொத்தனாரைப் பிடித்து உலுக்கி எடுத்தாள். அந்த மனிதர் மூன்று தடவை டேப் வைத்துக் காட்டினார், அவள் காதில் வாங்கவே இல்லை.

இப்போது தகரக் கொட்டகைக்குள் நுழைந்தபோது அந்தக் கொடி அவள் ஞாபகத்துக்கு வந்தது. சுவருக்குள் வீணாகப் போன ஒரு சாண் வேலைப்பாடு. வெளியே தொங்கும் கல்லில் ஒரு சாண் வெறும் பட்டை. இரண்டையும் சேர்த்து நினைத்ததும் அவள் நேராக மேசைக்குப் போனாள்.

மேசைமேல் நல்ல படத்தை விரித்தாள். மண்டபத்தின் கூரை, ஒன்பது கட்டம். கன்னி மூலைக் கட்டத்தில், அதாவது தென்மேற்கில், மேற்கிலிருந்து கிழக்காக ஒன்று முதல் ஐந்து வரை கற்கள். விரிசல் ஐந்தில். படத்தில் ஒரு குறையும் இல்லை.

பிறகு கீழ் இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள். கோயிலுக்குள் நின்று பென்சிலால் குறித்த நோட்டு. எட்டுக் கட்டத்துக்கும் பக்கத்தின் ஓரத்தில் தூக்குக்குண்டு அளவு எழுதியிருந்தது. கூரையிலிருந்து நூலில் குண்டை இறக்கி, தரையில் புள்ளி வைத்து, தரையைப் பார்த்து வரைந்தவை அவை. ஒன்பதாவது பக்கத்தில் குண்டு அளவே இல்லை.

ஏன் இல்லை என்பது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. அந்த வாரம் கன்னி மூலையில் தரை முழுக்க, வேறு இடத்தில் பிரித்த தூண் துண்டுகள் கிடந்தன. குண்டு இறக்க இடமில்லை. அவள் சாரத்தில் ஏறி, பலகைமேல் மல்லாந்து படுத்து, மூக்குக்கு ஒரு முழம் மேலே இருந்த கூரையைப் பார்த்து வரைந்தாள். தலையை எந்தப் பக்கம் வைத்தாள்? வடக்கே. நோட்டின் மேல் ஓரமும் வடக்கு.

டேப்பம்மா கொட்டகையின் மண் தரையில் படுத்தாள். வடக்கே தலை. நோட்டை முகத்துக்கு மேலே பிடித்தாள். நின்றுகொண்டு வடக்கைப் பார்க்கிறவனுக்குக் கிழக்கு வலது கைப்பக்கம். வடக்கே தலை வைத்து மல்லாந்து கிடக்கிறவளுக்கு வலது கைப்பக்கம் மேற்கு. சுவர் இருந்த பக்கம். நோட்டில் வலது ஓரத்தில் இருந்த கல், விரிசல் விழுந்த கல், சுவரோரக் கல். ஆபீஸுக்கு வந்து நல்ல படம் போட்டபோது, எல்லாப் படத்திலும் வலது பக்கம் கிழக்குதானே என்று அதைக் கிழக்கே கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஐந்து கல்லும் இடம் வலமாகத் திரும்பிவிட்டன. ஒன்றும் ஐந்தும் ஒரே அகலம், இரண்டும் நாலும் ஒரே அகலம். அதனால் மாற்றி வைத்தாலும் சொல்லிவைத்ததுபோல் பொருந்தும்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் இதை ஒருவர் சொன்னார். அது நினைவுக்கு வந்தபோது அவள் இன்னும் தரையில்தான் கிடந்தாள்.

அவரை எல்லாரும் நம்பர் அண்ணன் என்பார்கள். கல்லில் பெயிண்டால் எண் எழுதுகிற வேலை. கடைப் பலகை எழுதிப் பழகிய கை, அவர் எழுதும் எட்டைப் பார்த்தால் இன்னொரு எட்டு எழுதச் சொல்லத் தோன்றும். கூரைமேல் இருந்த சுண்ணாம்புத் தளத்தைப் பெயர்த்த பிறகு, கற்களின்மேல் நின்று, மேற்கிலிருந்து கிழக்காக, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எழுதினார். கற்கள் இறங்கி, மேட்டில் அடுக்கி முடிந்த பிறகு சரிபார்த்தபோது, கன்னி மூலையில் விரிசல் விழுந்த கல்லில் அவர் ஒன்று என்று எழுதியிருந்தார். படத்தில் அது ஐந்து.

"மேடம், நான் மேற்கேர்ந்து எண்ணிக்கிட்டே வந்தேன். இதுல என்ன தப்பு வரும்?"

"எண்ணினதுல தப்பு இல்லண்ணே. எந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சீங்கங்கறதுலதான் தப்பு."

"மேற்கு எது, கிழக்கு எதுன்னு தெரியாதவனா நான்?"

"நான் அப்படிச் சொல்லல. படம் சொல்லுது."

புகைப்படத்தையும் எடுத்துக் காட்டினாள். கூரையின் புகைப்படம், கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தது. சுவர் தெரியாமல் ஐந்து கல் மட்டும் தெரிந்தது. அவள் கண் பார்த்த மாதிரியேதான் கேமராவும் பார்த்திருந்தது. ஒரே பொய்யைச் சொன்ன இரண்டு சாட்சி. வேலையை நடத்திய ஸ்தபதி இரண்டையும் பார்த்தார். நம்பர் அண்ணன் ஏற்கெனவே ஒரு தடவை பன்னிரண்டு படிக்கல்லில் இரண்டுக்கு ஒரே எண்ணை எழுதித் திட்டு வாங்கியவர். "உனக்கு இது சரிப்படாதுப்பா" என்று அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். கற்களின் எண்களைப் படத்தின்படி மாற்றி எழுதினார்கள்.

போகும்போது அவர் அவளிடம் வந்தார். "ஒரே ஒரு தடவை மறுபடியும் பாருங்களேன் மேடம்."

"பாக்கறதுக்கு என்னண்ணே இருக்கு?" என்றாள். அங்கே கூரையே இல்லை, உண்மைதான். ஆனால் நோட்டு இருந்தது. இந்த இழுப்பறையில்தான் இருந்தது.

வெளியே கிரேனின் சத்தம் கனத்தது.

டேப்பம்மா துள்ளி எழுந்து ஓடினாள். ஸ்தபதி எப்போதோ வந்துவிட்டிருந்தார். பென்சிலைக் கடித்துக்கொண்டு, ஒரு கையை உயர்த்தி, தூக்கு தூக்கு என்று காட்டிக்கொண்டிருந்தார். கல் உத்தர உயரத்தைத் தாண்டிவிட்டது. மேலே இரண்டு கொத்தனார்கள் கடப்பாரையோடு ஆளுக்கொரு உத்தரத்தில் உட்கார்ந்து, கல்லின் நுனியைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். காற்றில் கல் லேசாகத் திரும்பியது.

"நிறுத்துங்க! இறக்கிடுங்க!"

கிரேன் நின்றது. கல் மட்டும் மேலே ஆடிக்கொண்டிருந்தது. ஸ்தபதி திரும்பினார். குள்ளமான மனிதர், கோபம் வந்தால் காது சிவக்கும். அது சிவந்துவிட்டது.

"என்னம்மா கூத்து இது? வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைத் தட்டிவிடற மாதிரி?"

மூச்சு வாங்கியதில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதற்குள் அவரே அண்ணாந்து கல்லைப் பார்த்தார். முகம் மாறியது. "விரிசல் பெருசாயிடுச்சா?"

அவள் கிரேன் பக்கம் இன்னும் இரண்டு அடி வந்தாள்.

"எனக்கும் முதல்லேர்ந்தே சந்தேகம்தான். இத்தனை நூறு வருஷம் இப்படியே நடுவுல நின்னிருக்கே, இனிமேலும் நிக்கும்னுதான் விட்டேன். சரி, விடுங்க. இதை ஓரங்கட்டிட்டு, அதே அளவுல புதுக் கல்லு ஒண்ணு வெட்டிப் போட்டுடலாம். மேலதிகாரிங்க கேட்டா விரிசல்னு எழுதிக் குடுத்துடுவோம்."

இதைவிட நல்ல வழி யாருக்குக் கிடைக்கும்! அவள் தலையை ஆட்டினால் போதும். கல் விழாது, யார் தலையும் உடையாது. படம் படமாகவே இருக்கும். டேப்பம்மா டேப்பம்மாவாகவே இருப்பாள். விரிசல் விழுந்த கல் எங்காவது ஒரு மூலையில் கிடக்கும். அந்தக் கல்லை எந்தக் காலத்திலோ ஒரு மேஸ்திரி தூக்கி எறிய மனசில்லாமல், எங்கே வைத்தால் தாங்கும் என்று யோசித்து யோசித்து, சுவர்மேல் படுக்க வைத்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். நம்பர் அண்ணன் மேற்கு கிழக்கு தெரியாதவராகவே இருந்துவிட்டுப் போவார்.

அவளுக்கு அந்த வழி பிடித்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ரொம்பவே பிடித்திருந்தது. "ஆமாங்கய்யா" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உத்தரத்தில் உட்கார்ந்திருந்த கொத்தனார்களில் ஒருவர், காலையில் அவளிடம் திட்டு வாங்கியவர், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, எப்போது சொல்வார்கள், எப்போது வேலையை முடிக்கலாம் என்பது மட்டும்தான் இருந்தது.

"விரிசல் பெருசாகலங்கய்யா" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "கல்லு அப்படியேதான் இருக்கு. இடம்தான் தப்பு. அது ஒண்ணாம் கல்லு. சுவர் மேல உக்காந்திருந்தது. பாருங்க, பட்டை இருக்கு, சுண்ணாம்பு இருக்கு."

"படத்துல அஞ்சுதானே?"

"படம் தப்பு. மல்லாந்து படுத்து வரைஞ்சேன். இடம் வலம் மாறிப்போச்சு. என் தப்பு."

ஸ்தபதி பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப ஏற்கெனவே வெச்ச நாலு?"

"மூணாம் கல்லு நடுவுல, அது சரியா இருக்கு. மத்த மூணையும் இறக்கணும்."

"ரெண்டு நாள் வேலை."

"ஆமாங்கய்யா."

"சுவர்?"

"சுவர் சரியா இருக்கு." மேலே இருந்த கொத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க கட்டினது சரிதாண்ணே."

அவர் கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்தபதி மட்டும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த கேள்வி என்னவென்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.

"அப்ப நம்பர் எழுதினானே, அவன்?"

"அவர் எழுதினது சரி."

இது முன்னால் சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஸ்தபதியின் காதுச் சிவப்பு இறங்கிவிட்டது. திட்டுவார் என்று நின்றாள், திட்டவில்லை. "போகச் சொன்னது நான்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டிரைவரைப் பார்த்து, இறக்கு என்று கையைக் கீழே காட்டினார். "ரெண்டு மணியெல்லாம் இனிமே பேசாதேப்பா. நாளைக்கும் நீ இங்கதான்."

கல் அங்குலம் அங்குலமாக இறங்கி, கீழே அடுக்கியிருந்த டயர்கள்மேல் உட்கார்ந்தது. பிறகு கொட்டகைக்குப் போகாமல், அங்கேயே எல்லார் முன்னாலும் நின்று, ஃபோனில் நம்பர் அண்ணனின் எண்ணைத் தேடினாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"மேடம்?" நம்பர் அண்ணன் குரலில் ஆச்சரியத்தைவிடப் பயம்தான் இருந்தது. இத்தனை நாள் கழித்து இன்னும் என்ன தப்பைக் கண்டுபிடித்தார்களோ என்று நினைத்திருப்பார்.

"அண்ணே, கன்னி மூலை. நீங்க எழுதின நம்பர் சரி. நான் வரைஞ்சதுதான் தப்பு."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம்." இருமினார். "மேற்கேர்ந்துதான் எண்ணினேன்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க ஃபோட்டோவைக் காட்டினப்புறம் எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் நம்பர் எழுதற வேலை எதுக்கும் நான் போகல. ஷட்டருக்குப் பெயிண்ட் அடிக்கறேன், அதுல தப்பு வர ஒண்ணும் இல்ல பாருங்க."

"அண்ணே..."

"ஒரு உதவி பண்றீங்களா? இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க. வீட்டுல பக்கத்துலதான் இருக்கா. ஸ்பீக்கர்ல போடறேன்."

டேப்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, மேலே இருந்த கொத்தனார்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர் எழுதினது சரிம்மா. தப்பு என்னோடது."

அந்த அம்மாவின் குரல் வந்தது. சண்டை போடுகிற குரலாக இருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அன்னைக்கு வந்து இதேதாங்க சொன்னாரு. பத்து நாள் சொல்லிக்கிட்டே இருந்தாரு. படிச்சவங்க வரைஞ்சது தப்பாகுமான்னு நான்தான் வாயை அடைச்சேன்."